ஈயப்பட்டியா, உடல்வளைவா?

களத்தில நெல்லுத் தூற்றினவைக்குத் தெரியும்: மணி நேரா விழும், பதர் பிந்தும். விமானத்தில இருந்து பரசூட்டோட கூட்டாக் குதிக்கிறவைக்கும் அதே சிக்கல்தான். வயிறு கீழ பார்க்க விழுந்தால் வேகம் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீற்றர். ஆனால் மெலிஞ்ச ஆள் மேலயே நிற்க, பாரமான ஆள் கீழ போயிடுவார். பிறகெங்க கைகோர்க்கிறது?

இங்கிலாந்தில இருந்து கிளிநொச்சிக்கு லீவில வந்த மருமகள் ஒல்லிப் பிள்ளை. "ஈயப்பட்டி, அதுதான் பாரம் கூட்ட ஈயம் வைச்ச பட்டி, கட்டட்டோ மாமா, உடம்பை வளைச்சே சமாளிக்கட்டோ?" எண்டாள். நானும் கனடாவில குதிச்ச ஆள்தான்.

இடுப்பை முன்னுக்குத் தள்ளி வளைஞ்சால் வேகம் கூடும். நெஞ்சைக் குழிச்சுக் கைகாலை விரிச்சால் குறையும். செலவில்லை, விழேக்க நினைச்ச நேரம் மாத்தலாம். ஆனால் முழுக்க வில்லா வளைஞ்சே நிண்டால் பக்கத்துக்கு நகர உடம்பில இடம் மிஞ்சாது.

ஈயம் அந்தத் தொல்லையைத் தீர்க்கும். சில கிலோ கட்டினால் சாதாரணமாக் கிடந்தே மற்றவையோட விழலாம். ஆனால் பரசூட் விரிஞ்ச பிறகும் அந்தப் பாரம் கூடவே வரும். தரையிறங்கிற வேகமும் கூடும். புதுசாப் பழகிறவைக்கு அது கூடாது.

முதல்ல வளைவு, பிறகு இறுக்கமான உடுப்பு, அதுவும் போதாட்டித்தான் ஈயம் எண்டன். பாரமான ஆக்களுக்கு இந்தக் கேள்வியே இல்லை. தொளதொள உடுப்புப் போட்டால் சரி.