சாய்ந்த சுவரைப் படமெடுக்க: ஷிஃப்ட் லென்ஸா, மென்பொருள் திருத்தமா?

பழைய கட்டடத்தைப் படமெடுப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, படத்தில் தெரியும் சாய்வு கேமராவினுடையதா, கட்டடத்தினுடையதா என்பதைத்தான். முகப்பு முழுவதும் அடங்க வேண்டுமென்று கேமராவை அண்ணாந்து பிடித்தால், நேரான சுவர்கள்கூட மேலே போகப்போக ஒன்றையொன்று நோக்கிச் சரிகின்றன. அடித்தளம் இறங்கியோ உத்திரம் வளைந்தோ உண்மையிலேயே சாய்ந்துவிட்ட கட்டடத்தில் இரண்டு சாய்வுகளும் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

மென்பொருளின் தானியங்கித் திருத்தம் இங்கேதான் தவறுகிறது. அது படத்தில் மேலோங்கியிருக்கும் நீண்ட கோடுகளைக் கண்டுபிடித்து அவற்றைச் செங்குத்தாக்குகிறது. புதிய அடுக்குமாடிக்கு அது போதும். ஆனால் 3 பாகை சாய்ந்து நிற்கும் சுவரையும் அது கேமராவின் பிழையாகவே எடுத்துக்கொள்வதால், சுவர் நிமிர்ந்து, பக்கத்திலுள்ள நேரான விளக்குக் கம்பம் சாய்ந்துவிடும். மென்பொருளையே நம்ப வேண்டியவர்கள், முன்னால் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அதே இடத்திலிருந்து கூடுதலாக ஒரு படம் எடுத்துக்கொண்டு, அந்த நூலை அளவாக வைத்துக் கையால் திருத்துவது நல்லது. அப்போதும் மேற்பகுதி இழுபட்டு நுணுக்கம் குறையும், ஓரங்களும் வெட்டுப்படும்.

ஷிஃப்ட் லென்ஸில் கேமரா மட்டமாகவே இருக்க, லென்ஸ் மட்டும் மேலே நகர்கிறது. 36×24 மி.மீ. சென்சாரும் 24 மி.மீ. லென்ஸும் உள்ள கேமராவை 1.5 மீட்டர் உயரத்தில் நெடுக்குவாட்டில் வைத்தால், 10 மீட்டர் தொலைவிலுள்ள சுவர் 9 மீட்டர் உயரம் வரை தெரியும். லென்ஸை 12 மி.மீ. உயர்த்தினால் 14 மீட்டர் வரை தெரியும். பாரிஸின் பழைய கடைகளைப் படமெடுத்த யூஜின் அட்ஜே (1857–1927) தம் மரக் கேமராவில் கையாண்ட முறையும் இதுவே. அவருடைய சில படங்களின் மேல்மூலைகள் இருண்டிருப்பது, லென்ஸின் எல்லையைத் தாண்டி அவர் அதை உயர்த்தியதன் தடயம்.

விலையும் எடையும் தடுத்தால், 14 மி.மீ. லென்ஸை மட்டமாகப் பிடித்து, வேண்டாத தரையை வெட்டிவிடலாம். கோடுகள் உண்மையாகவே இருக்கும், ஆனால் அதே காட்சிக்கு 45 மெகாபிக்சலில் ஏறத்தாழ 15 மட்டுமே மிஞ்சும். தானியங்கித் திருத்தத்தைவிட இந்த இழப்பையே நான் ஏற்பேன்.

கடையின் கண்ணாடி முகப்பில் ஷிஃப்ட் லென்ஸுக்கு இணையாக எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. நேர் எதிரே நின்றால் நம் உருவம் கண்ணாடியில் விழும். நேர் எதிரிலிருந்து பார்க்கும்போது விழும் பிரதிபலிப்பை, சாய்கோணப் பிரதிபலிப்பைக் குறைக்கும் பொலரைசர் ஃபில்டரால் நீக்க இயலாது. கதவுத்தூணுக்கு எதிரே நின்று, கேமராவைக் கண்ணாடிக்கு இணையாக வைத்து, லென்ஸைப் பக்கவாட்டில் நகர்த்தினால், முகப்பு நேராகவே பதிவாகும். நம் உருவம் விழ வேண்டிய இடத்தில் தூண் இருக்கும்.

கடைக்குள்ளே போட்டி வேறு. கைவினைஞர் வேலை செய்யும்போது, அவருடைய அனுமதியோடு, எஃப் 1.4 என்ற அகன்ற, அதிக வெளிச்சம் விடும் திறப்புள்ள 35 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுப்பதே பொருந்தும். உளி பிடித்த கை நீண்ட வெளிச்சப்பதிவில் கலங்கிவிடும். ஆளில்லாத பட்டறைக்கு முக்காலியும் எஃப் 8 என்ற குறுகிய திறப்பும் சிறந்தவை. ஆனால் தரையே சரிந்திருக்கும் கடையில், தொய்ந்த அலமாரியைப் பார்த்து மட்டம் பிடித்துவிடாமல், ரசமட்டத்தின் குமிழியைப் பார்த்தே முக்காலியின் கால்களைச் சரிசெய்ய வேண்டும்.