ட்ரில் பேட்டரிக்குப் புது செல் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் உஷார்

கார்ட்லெஸ் ட்ரில், கிரைண்டர் வைத்திருப்பவர்கள், அதிலும் பேட்டரியில் சார்ஜ் நிற்கவில்லை, செல் மாற்றக் கொடுக்கலாமா என்று யோசிப்பவர்கள், இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். என் 18 வோல்ட் பேட்டரியை ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன். எல்லா செல்லையும் கழற்றிவிட்டுப் புதுசு போட்டுத் தருகிறேன், கம்பெனி பேட்டரியைவிட அதிக நேரம் நிற்கும் என்றார் கடைக்காரர். பில் எதுவும் தரவில்லை.

மரத்தில் திருகு ஏற்றுகிற வரை ஒரு குறையும் தெரியவில்லை. சுவரில் துளை போட ஹேமர் மோடுக்கு (சுத்தியல் போல இடித்துக்கொண்டே துளைப்பது) மாற்றி அழுத்தினால் பாதியிலேயே நின்றுவிடும், கொஞ்சம் விட்டுப் பார்த்தால் மறுபடி ஓடும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் சார்ஜரிலிருந்து எடுக்கப் போனால் கை வைக்க முடியாத சூடு, பிளாஸ்டிக் கருகுகிற வாடை, சார்ஜரோ எதுவுமே நடக்காத மாதிரி சார்ஜ் ஏற்றிக்கொண்டே இருக்கிறது. இதே சார்ஜர், என்னிடம் இருக்கும் இன்னொரு பேட்டரியை வேலை முடிந்த சூட்டோடு மாட்டினால், அது ஆறும் வரை சார்ஜ் ஏற்றாமல் எச்சரிக்கை விளக்கைக் காட்டும். இதற்கு மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தது?

பேட்டரி வேலை தெரிந்த நண்பர் பிரித்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. (நீங்களாகப் பிரிக்காதீர்கள், ஸ்க்ரூடிரைவர் முனை தவறான இடத்தில் பட்டாலே ஷார்ட் ஆகும்.) உள்ளே 10 செல்கள், இரண்டிரண்டாகச் சேர்த்து ஐந்து ஜோடி, அந்தக் கணக்கு சரிதான். ஆனால் ஒவ்வொன்றின் மேலுறையும் ஒவ்வொரு நிறம், சிலவற்றில் பழைய வெல்டிங்கைப் பிய்த்த தடம் அப்படியே இருந்தது. பழைய லேப்டாப் பேட்டரியில் இருந்து உருவியவை என்றார். லேப்டாப்புக்கான செல் சில ஆம்பியரை நிதானமாகத் தருவதற்கு உண்டானது. ட்ரில் திணறுகிற நேரத்தில் ஒரு செல்லிடமே 10, 15 ஆம்பியர் கேட்கும். அப்போது வோல்டேஜ் சரிந்து மெஷின் தானாக நின்றுவிடுகிறது, செல்லும் சூடேறுகிறது. போதாக்குறைக்கு நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்யாமல் செல் தலையிலேயே நேராக சால்டரிங் வைத்திருந்தார்கள். அந்தச் சூடு செல்லின் உள்ளே இருக்கும் சீலையும், பிளஸ், மைனஸ் பக்கங்களைப் பிரித்து வைக்கும் தாளையும் கெடுத்துவிடும்.

எனக்கு வயிறு கலங்கியது இதில் எல்லாம் இல்லை. செல்களுக்கு நடுவில் இருக்க வேண்டிய தெர்மிஸ்டர், அதாவது பேட்டரி எவ்வளவு சூடு என்று சார்ஜருக்குச் சொல்கிற குட்டி சென்சார், வெட்டி எடுக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் சாதாரண ரெசிஸ்டர் ஒன்று. சூடு ஏற ஏற தெர்மிஸ்டரின் ஓம் மதிப்பு குறையும், அதைப் பார்த்துத்தான் சார்ஜர் நிறுத்தும். ரெசிஸ்டர் எப்போதும் ஒரே மதிப்பைக் காட்டும், அதனால் உள்ளே தீப்பிடித்தாலும் சார்ஜருக்கு அது குளுகுளு பேட்டரிதான். தெரியாமல் செய்த வேலை இல்லை இது. சார்ஜர் ஏற்க மறுத்திருக்கிறது, அதன் கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் கொடுத்திருக்கிறார்கள். தரமில்லாத செல் போட்டதைக்கூடப் பேராசை என்று விட்டுவிடுவேன், இதை விட முடியாது.

கடைக்காரரிடம் கேட்டதற்கு, "இங்கிருந்து போகும்போது நல்லாத்தானே ஓடிச்சு, நீங்க ராத்திரி பூரா சார்ஜ்ல விட்டிருப்பீங்க" என்றார்.

ஒழுங்காகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். கொடுப்பதற்கு முன் எந்த செல், எந்த மாடல், அது தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தரும் என்று கேளுங்கள், பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மூடுவதற்கு முன் போட்டோ கேளுங்கள்: எல்லா செல்லும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், பட்டைகள் வெல்டிங்கில் இருக்க வேண்டும், சென்சார் ஒயர் செல்லோடு ஒட்டி இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் போர்டைப் பற்றி "அந்த போர்டு தேவையில்லை, நேரா கொடுத்துடலாம்" என்று சொன்னால் பேட்டரியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

சும்மா ஸ்டிக்கரைப் பார்த்து வாங்குகிற புது பேட்டரியிலும் இந்தக் கதை உண்டு. 18650 என்கிற செல், 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், நல்ல தயாரிப்பில்கூட ஏறத்தாழ 3.5 ஆம்பியர் ஹவர் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) தான் தாங்கும், ட்ரில்லுக்கு ஏற்ற ரகத்தில் அதைவிடக் குறைவு. ஐந்து ஜோடியாகப் போட்டால் ஒரு ஜோடியின் அளவுதான் மொத்தத்துக்கும், அதாவது 7 வரைதான். அப்படி 10 செல் போட்ட டப்பாவில் 9 ஆம்பியர் ஹவர் என்று அச்சடித்திருந்தால் அது பொய். 20 வோல்ட் என்று போட்டிருப்பதும் பெரும்பாலும் அதே ஐந்து ஜோடிதான், முழு சார்ஜில் அளந்த எண்ணைப் போடுகிறார்கள், பலம் கூடிவிடவில்லை. எடையைத் தூக்கிப் பாருங்கள். ஒரு செல் ஏறத்தாழ 45 கிராம் இருக்கும். சில டப்பாக்களில் 10க்குப் பதில் 5 மட்டும் போட்டிருப்பார்கள்.

எந்த பேட்டரியானாலும் கண் பார்வையில் வைத்து சார்ஜ் செய்யுங்கள், சூடு ஆறியபின் போடுங்கள், பிட்டோ பிளேடோ மாற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். புகையோ சீறல் சத்தமோ வந்தால் முடிந்தால் மெயினை அணைத்துவிட்டு விலகிவிடுங்கள், கையால் தூக்க வேண்டாம். என்னுடையதை முனைகளில் டேப் ஒட்டி, குப்பையில் போடாமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிட்டேன். பிரித்த போட்டோக்கள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன, கடைக்காரர் இன்னும் பணத்தைத் திருப்பித் தரவில்லை.