4.49ஆ, 4.50ஆ? ஏர் பிஸ்டல் பெல்லட்டோடு நீண்ட மல்லுக்கட்டு

ஆத்தூர் நண்பர் ஒருவர் மகளுக்கு ஏர் பிஸ்டல் வாங்கிவிட்டு, அதில் போடும் ஈயக் குண்டைப் பற்றி, "பெல்லட் 4.49 வாங்கட்டுமா, 4.50 வாங்கட்டுமா அண்ணே?" என்று கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் மில்லிமீட்டர் கணக்கில் வரும் அந்த இரண்டாவது தசமத்தோடு நான் வருடக்கணக்கில் மாரடித்துக்கொண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிஸ்டல்மேல் எனக்குப் புகாரே கிடையாது. காற்றை அடைத்து வைக்கும் சிலிண்டர் கொண்ட 10 மீட்டர் போட்டிப் பிஸ்டல். டிரிகரை இழுக்கும் எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது, மொத்த எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது என்கிற கதையெல்லாம் உங்களுக்கே தெரியும். ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் மாற்றியதைத் தவிர இதுவரை பெரிய செலவு வைக்கவில்லை. தொல்லை முழுக்க அதற்குள் போகும் அரை கிராம் ஈயத்தில்தான்.

வெளிநாடுகளில் போட்டிக்கான தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்கிறவர்களுக்கு இரண்டு கவலை: குண்டு என்ன விட்டம், வெடிமருந்து எவ்வளவு. 9 எம்எம் பிஸ்டலுக்குச் செம்பு உறை போட்ட குண்டு என்றால் .355 அங்குலம், வெறும் ஈயம் என்றால் பெரும்பாலும் .356 என்று அந்த ஆயிரத்தில் ஒரு பங்குக்காக மண்டையை உடைத்துக்கொள்வார்கள். நமக்கு மருந்து கிடையாது, காற்றுதான். அதை, அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டர் பார்த்துக்கொள்கிறது. சிலிண்டரில் 200 பார் இருந்தாலும் 100 பார் இருந்தாலும் பெல்லட்டைத் தள்ளும் காற்று ஏறக்குறைய ஒரே அளவு. ஏற்காட்டுக்கு எடுத்துப்போனால் மீட்டர் முள் இறங்கியிருக்கும். கசிவு என்று பதறாதீர்கள், குளிர்தான் காரணம். சேலத்தில் 35 டிகிரியில் 200 காட்டிய சிலிண்டர், மேலே 20 டிகிரியில் 190 பக்கம் நிற்கும். மலைமேல் காற்று லேசு, அதனால் பெல்லட் ஏறி விழும் என்று ஒருவர் சாதித்தார். 10 மீட்டரில் அதெல்லாம் கண்ணுக்கே தெரியாது சாமி.

ஆக, மிச்சம் இருக்கும் தலைவலி விட்டம். டின்மேல் பெரிதாகப் போட்டிருக்கும் 4.5 என்பது காலிபர், அதாவது பொதுவான துளை அளவு. ஓரத்தில் சின்ன ஸ்டிக்கரில் 4.48, 4.49, 4.50, 4.51 என்று இருப்பதுதான் தலையின் அளவு. அந்தத் தட்டைத் தலை பேரலுக்குள் இருக்கும் முறுக்கு வரிகளைத் தொட்டுக்கொண்டு போகிறது. பின்பக்கம் பாவாடை மாதிரி இருக்கும் பகுதி காற்று அழுத்தத்தில் விரிந்து பேரலை அடைக்கிறது. தலை சிறுத்தால் உள்ளே ஆட்டம், பெருத்தால் உராய்வு. எந்த அளவு சரி என்பதைப் பேரல்தான் சொல்லும், கோச்சோ கடைக்காரரோ நானோ சொல்ல முடியாது. ஒரே மாடல் பிஸ்டல் இரண்டு வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள், ஒன்றுக்குப் பிடித்தது மற்றதற்குப் பிடிக்காது.

என் பேரலுக்கு 4.49. வைஸ் என்கிற பட்டறை இடுக்கியில் ரப்பர் வைத்துப் பிஸ்டலை இறுக்கி, அளவுக்கு ஐந்து ஐந்தாகச் சுட்டு, வெர்னியரில் அளந்தேன். 4.49-இல் ஐந்தும் ஒரே ஓட்டை மாதிரி, வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு ஆறரை மில்லிமீட்டர். 4.50-இல் ஏழு. 4.51-இல் எட்டு. மச்சானுக்குச் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அங்கே மில்லிகிராம் காட்டும் தராசில் பெல்லட்டை ஒவ்வொன்றாக வைத்து நிறுத்தும் பார்த்தேன். ஒரே டின்னுக்குள் இரண்டு மூன்று மில்லிகிராம் ஏற்ற இறக்கம். சலங்கை மணி கோத்துக்கொண்டிருந்த அம்மா, "ஈயத்துக்குப் போயி இவ்வளவு மெனக்கெடா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். 4.49 வேண்டும் என்று எழுதி, போனிலும் சொல்லி, பணமும் கட்டினால் வருவது 4.50. "அதுதான் சார் ஸ்டாக், ஒண்ணும் ஆகாது." ஒன்றும் ஆகாது என்றால் எதற்கய்யா ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள்? ஒருமுறை சரியான அளவே வந்தது, ஆனால் கூரியரில் யாரோ போட்டு மிதித்ததுபோல் டின் நசுங்கியிருந்தது. திறந்தால் கால்வாசிக்கு மேல் பாவாடை கோணல். ஒரு பெல்லட்டை நகத்தால் அழுத்திப் பாருங்கள், எவ்வளவு மெத்து என்று தெரியும். வாய் கோணினால் காற்று ஒரு பக்கமாகப் பீறும், பெல்லட் ஒன்பதில் போய் உட்காரும். அதற்கு 4.49 இருந்து என்ன, 4.90 இருந்து என்ன. திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டார்களாம்.

கோபத்தை ஓரம் வைத்துக் கணக்குப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. குறி அட்டையின் நடுவில் இருக்கும் பத்து வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். விளிம்பு தொட்டாலே பத்து என்பதால், பெல்லட்டின் நடு மையத்திலிருந்து 8 மில்லிமீட்டர் விலகும்வரை பத்துதான். பிஸ்டல் தகுதிச் சுற்றில் முழு எண்தான் கணக்கு; 10.1-உம் பத்து, 10.9-உம் பத்து. தசமம் எண்ணுவது ஃபைனலில். 4.49-க்கும் 4.50-க்கும் ஓட்டையில் நான் அளந்த வித்தியாசம் அரை மில்லிமீட்டர். என் கை நிற்கிற நேரத்திலேயே அதைவிடப் பல மடங்கு ஆடும். அறுபது ஷாட்டில் கடைசிப் பத்தில் எப்படி ஆடும் என்று சொல்லவே வேண்டாம்.

அதனால் நண்பருக்கு: 4.50 வாங்கிவிடுங்கள். கேட்டால் கிடைக்கிற அளவு அது ஒன்றுதான். ஒரே லாட்டில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) நாலைந்து டின் சேர்த்து எடுங்கள், முடிந்தால் நேரில் போய் டின்னைத் திறந்து பாவாடை வட்டமாக இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். பாப்பா ஈயத்தைத் தொட்ட கையோடு முறுக்கு சாப்பிடாமல், சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். பட்டறைத் தராசு, வெர்னியர் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம், அவள் எட்டை விட்டு ஒன்பதுக்கு வரட்டும்.

என்னிடம் 4.49 நசுங்காத டின் ஒன்று பாக்கி இருக்கிறது. அதை மட்டும் கேட்காதீர்கள், மாவட்டப் போட்டிக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.