கெளுத்திக் குஞ்சின் முதல் இரை: ஆர்டீமியாவா, தூள் தீவனமா?

ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு இந்தியாவில் தடைசெய்யப்பட்டிருப்பதால், நான் இங்கே பேசுவது நாட்டுக் கெளுத்தியைப் பற்றி மட்டுமே. முட்டை பொரித்து 3 அல்லது 4 நாட்களில் மஞ்சள்கருப் பை வற்றி, குஞ்சு முதன்முதலாக இரை தேடும் கட்டத்தில்தான் பெருவாரியான இழப்பு நேர்கிறது. அந்த வேளைக்குப் பண்ணையிலேயே பொரித்தெடுக்கும் ஆர்டீமியா என்னும் நுண்ணிய உப்புநீர் இறால் குஞ்சு, பையைப் பிரித்தவுடன் தூவிவிடக்கூடிய தூள் தீவனம் ஆகிய இரண்டில், எங்கள் தொட்டிகளுக்கு நான் ஆர்டீமியாவையே தேர்ந்தெடுத்தேன்.

விலையிலும் வேலைச் சுமையிலும் தூள் தீவனமே மேல் என்பதில் ஐயமில்லை. ஆர்டீமியாவுக்கு உப்புநீரும் ஓயாத காற்றோட்டமும் சுமார் 28 டிகிரி வெப்பமும் ஏறத்தாழ ஒரு நாள் காத்திருப்பும் வேண்டும். பொரித்தபின் ஓட்டைப் பிரித்து, நன்னீரில் அலசியும் கொடுக்க வேண்டும்.

ஆயினும் என் முடிவைத் தீர்மானித்தது தின்னாமல் எஞ்சும் இரைதான். தூளில் புரதம் 40 சதவீதத்துக்கு மேல் இருந்தாலும், இந்த வயதுக் குஞ்சுக்கு இரைப்பை முழுமையாக உருவாகியிருப்பதில்லை என்பதால் அது சரிவரச் செரிப்பதில்லை. அசையாமல் கிடக்கும் இரையைக் குஞ்சு அவ்வளவாக நாடுவதுமில்லை. மிஞ்சிய தூள் தொட்டியின் அடியில் படிந்து, மறுநாள் பஞ்சு போல் வெண்பூஞ்சை பூத்துவிடுகிறது. கூடவே நீரில் அம்மோனியாவும் ஏறுகிறது. காற்றைச் சுவாசிக்கும் துணையுறுப்பு இன்னும் செயல்படத் தொடங்காத நிலையில், வளர்ந்த கெளுத்தி தாங்கிக்கொள்ளும் கெட்ட நீரை இந்தக் குஞ்சு தாங்குவதில்லை. கசடைக் குழாயால் உறிஞ்சி எடுக்கலாம் என்றால், அடியிலேயே ஒதுங்கிக் கிடக்கும் குஞ்சுகளும் அதோடு போய்விடுகின்றன.

ஆர்டீமியாவும் நன்னீரில் சில மணி நேரத்துக்குள் செத்துவிடும் என்பதால், சிறிது சிறிதாகப் பல வேளை கொடுப்பதே முறை. ஆனால் தின்ற குஞ்சின் வயிறு ஆரஞ்சு நிறத்தில் தோல் வழியே தெளிவாகத் தெரிவதால், போட்ட அளவு போதுமா, மிகுதியா என்பதை அப்போதே கணிக்க முடிகிறது. தூளில் இந்த வசதி எனக்குக் கிடைக்கவில்லை.

டியூபிஃபெக்ஸ் புழுவைக் குஞ்சுகள் விரும்பித் தின்னும் என்றாலும், அது பெரும்பாலும் சாக்கடைச் சேற்றிலிருந்து வருவதால் நோய்க்கு அஞ்சி நான் தவிர்த்துவிட்டேன். மோய்னா என்னும் சிறு நீர்த்தெள்ளைத் தனியாகக் கொடுத்து வளர்த்த அனுபவம் எனக்குப் போதாது என்பதால், அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

இரை தின்னத் தொடங்கி ஒரு வாரம் ஆனபின் ஆர்டீமியாவின் செலவைத் தொடர வேண்டியதில்லை. அதைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே தூளைக் கூட்டி, மாலைக்குப் பிந்தைய வேளைகளில் சற்று அதிகமாகக் கொடுத்து, பெருத்த குஞ்சுகள் சிறியவற்றைத் தின்றுவிடாதபடி அவ்வப்போது அளவு வாரியாகப் பிரித்து வளர்க்கிறோம்.