போர்டா, புரோக்கரா, ஆப்பா? மூன்று முறை வாடகைக்கு விட்ட கதை

சென்னை மடிப்பாக்கத்தில் கீழே நாங்கள், மேலே ஒரு டபுள் பெட்ரூம் வாடகைக்கு. எட்டு வருஷத்தில் மூன்று முறை ஆள் தேட வேண்டி வந்தது. முதலில் புரோக்கர், அடுத்து ஆப், கடைசியாக கேட்டில் டு-லெட் போர்டு. யாராவது கேட்டால் இப்போது போர்டு என்றுதான் சொல்வேன், ஆனால் அது எல்லாருக்கும் சரிப்படாது.

புரோக்கரிடம் விட்டால் நமக்கு வேலையே இல்லை. சாவியைக் கொடுத்தால் அவரே காட்டுவார், அவரே பேசுவார், எங்கள் ஏரியாவில் ஓனர், குடிவருகிறவர் இரண்டு தரப்பிலும் ஒரு மாத வாடகை கமிஷன். வெளிநாட்டிலோ வேற ஊரிலோ இருக்கும் ஓனருக்கு இதைவிட்டால் வழியில்லை. சிக்கல் என்னவென்றால் டோக்கன் அட்வான்ஸ் கை மாறினால் அவர் வேலை முடிந்தது, நம் வேலை அன்றைக்குத்தான் ஆரம்பம். எனக்கு வந்த குடும்பத்திடம் "தண்ணிப் பிரச்சினையே கிடையாது" என்று சொல்லியிருக்கிறார். சித்திரையில் போர் தண்ணீர் மஞ்சளாக வந்து, லாரிக்குப் பணம் போட வேண்டியதானதும் அவர்களுக்கு என் மேல் கோபம். நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றால் யார் நம்புவார்கள்? ஒன்பதாவது மாதம் காலி பண்ணினார்கள்.

ஆப்பில் கமிஷன் இல்லை என்ற ஆசையில் போட்டேன். போட்டோ ஏற்றிய அன்று மாலைக்குள் போன் சூடாகிவிட்டது. பாதிப் பேர் அதிலேயே எழுதியிருப்பதைத்தான் திரும்பக் கேட்கிறார்கள், மீதியில் கால்வாசி புரோக்கர்கள். ஒருவர் தன்னை ராணுவ அதிகாரி என்றார், மாற்றலாகி வருகிறாராம், வீட்டைப் பார்க்கவே வேண்டாம், அட்வான்ஸை உடனே அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கள் என்றார். யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை, பின் போட்டால் நம் கணக்கிலிருந்துதான் போகும். என் பெண் பக்கத்தில் இருந்ததால் தப்பித்தேன். ஆனாலும் பெங்களூரிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ வேலை மாறி வருகிறவர்களைப் பிடிக்க ஆப்தான். அப்படி வந்த இரண்டு ஐடி பையன்கள் மூன்று வருஷம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுப் போனார்கள்.

போர்டுக்கு ஆன செலவு ஸ்டேஷனரி கடையில் சில்லறைக் காசு. சாப்பிடும் நேரத்தில் காலிங் பெல் அடிப்பார்கள், அது ஒரு தொல்லை. ஆனால் போர்டைப் பார்த்து வருகிறவர் பெரும்பாலும் இதே ஏரியாக்காரர். பிள்ளையின் பள்ளி பக்கத்தில் இருக்கும், மழைக்கு எங்கள் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று அவருக்கே தெரியும். குறையைத் தெரிந்துகொண்டு வருகிறவர் அந்தக் குறைக்காகக் கிளம்ப மாட்டார். மற்ற இரண்டு வழியிலும் எனக்குக் கிடைக்காதது இதுதான்.

வீடு காட்டுவதிலும் இரண்டு விதம் செய்து பார்த்தேன். கூப்பிட்டவருக்கெல்லாம் கூப்பிட்ட நேரத்தில் காட்டினால், உள்ளே இன்னும் குடியிருப்பவர் பாவம், நைட்டியோடு கதவைத் திறந்து திறந்து அலுத்துப்போகிறார். அப்புறம் அவரிடம் கேட்டு ஞாயிறு 10 முதல் 12 மணி என்று வைத்துவிட்டேன். உண்மையாகத் தேடுகிறவர் அந்த நேரத்துக்கு வந்துவிடுவார். குழாயைத் திறந்துவிட்டு, பாத்ரூம் சுவரில் ஓதம் ஏறிய இடத்தை நானே காட்டுவேன். பைக் எங்கே நிறுத்துவது, கேட் எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள் என்று கேட்பவர் குடியிருக்க வந்தவர். வாடகையைக் குறைப்பீர்களா என்பதோடு நிறுத்துகிறவரிடம் நான் அவசரப்படுவதில்லை.

சரி, ஆளை எடை போடுவது எப்படி? என் அப்பா "எந்த ஊர்ப் பக்கம்?" என்று ஆரம்பித்து ஜாதிக்கு வந்து சேர்வார். வெஜ் மட்டும், ஃபேமிலி மட்டும் என்பதெல்லாம் அதே வகைதான். வாடகை ஐந்தாம் தேதி வருமா என்பதற்கு அதில் ஒரு பதிலும் கிடையாது. இன்னொரு பக்கம் மூன்று மாத சம்பளச் சீட்டு கேட்கிறவர்கள். அது ஐடிக்காரருக்குச் சரி, போர்டு பார்த்து வந்த என் ஜெராக்ஸ் கடைக்காரரிடம் ஏது சம்பளச் சீட்டு? நாலு வருஷத்தில் ஒரு மாதம் அவர் வாடகை தள்ளிப்போனதில்லை.

நான் நம்புவது பழைய ஓனருக்கு ஒரு போன். இப்போது இருக்கும் வீட்டு ஓனர் ஆளைக் கிளப்பினால் போதும் என்று புகழ்ந்து தள்ளலாம், அதனால் அதற்கு முந்தின வீட்டுக்காரர். "ஆள் எப்படி?" என்று கேட்டால் "நல்லவங்கதான்" என்பார், அதில் ஒன்றும் தேறாது. "காலி பண்ணும்போது அட்வான்ஸில் எவ்வளவு பிடித்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். பெயின்ட்டுக்கு ஒரு மாதம் என்றால் ஊர் வழக்கம். அதற்கு மேல் என்றால் கதை தானாக வரும்.

அட்வான்ஸ் பத்து மாதம் என்ற பழைய பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் வருஷத்து தமிழ்நாடு வாடகைச் சட்டம், வேறு மாதிரி பேசிக்கொள்ளாத வரை மூன்று மாதம் என்கிறது. வாய்ப்பேச்சு போதாது, ஒப்பந்தத்தை எழுதிப் பதிவும் செய்ய வேண்டும். அடையாளத்துக்கு கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற ஆதார் நகல் வாங்கிக்கொள்கிறேன்.

ஜெராக்ஸ் கடைக்காரர் மேடவாக்கத்தில் சொந்த வீடு கட்டிவிட்டார், தையில் போகிறார். மார்கழியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால் போர்டை இப்போதே மாட்டியாகிவிட்டது. அதில் இருப்பது என் பழைய சிம் நம்பர். இதுவரை வந்த நாலு போனும் புரோக்கர்கள்தான்.