எல்ஜிஏ 1700-ஆ, ஏஎம்5-ஆ: வீட்டுக் கணினிக்கு எந்த சாக்கெட்?

சொந்தமாகக் கணினி கோர்க்க உட்கார்ந்தால் பெரும்பாலோர் முதலில் தேடுவது கிராபிக்ஸ் கார்டைத்தான். நான் சாக்கெட்டிலிருந்து, அதாவது மதர்போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடத்திலிருந்து தொடங்குவேன். கார்டை எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். சாக்கெட் மாறினால் மதர்போர்டும் ப்ராசஸரும் போகும். சில நேரம் ரேமும் கூடவே போகும்.

ரொம்பச் செலவு செய்யாமல் வாங்குபவர் கடைசியில் வந்து நிற்பது இரண்டு ப்ராசஸர்களுக்கு நடுவில்: எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் இன்டெல் ஐ5 12400, ஏஎம்5 சாக்கெட்டில் ஏஎம்டி ரைசன் 5 7600. இரண்டிலும் 6 கோர் (கணக்கிடும் பகுதி), 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டும் வேலைகள்). இரண்டும் 65 வாட் ரகம். டப்பா வடிவில் வாங்கினால் கூலரும் கூடவே வரும். ஆனால் 7600-இன் உச்ச வேகம் 5.1 கிகாஹெர்ட்ஸ், 12400 எட்டுவது 4.4 தான். விளையாட்டில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். கணக்கு எழுதுவது, பிள்ளைகளின் பாடம், வீடியோ பார்ப்பது என்றால் தெரியவே தெரியாது.

12400-க்குச் சாதகமாக மூன்று விஷயங்கள் உண்டு. வேலையில்லாமல் சும்மா இருக்கும்போது கொஞ்சம் குறைவாக மின்சாரம் இழுக்கும். வீடியோ வெட்டி ஒட்டுபவருக்கு அதன் குவிக் சின்க், அதாவது வீடியோவை வேகமாக மாற்றித் தரும் வசதி, நல்ல கைகொடுப்பு. எல்லாவற்றையும் விட, பழைய கணினியில் டிடிஆர்4 ரேம் (டிடிஆர்5-க்கு முந்தைய தலைமுறை) இருந்தால் அதையே இதில் போட்டுக்கொள்ளலாம். அதற்கு போர்டு டிடிஆர்4 வகையாக இருக்க வேண்டும். 1700 போர்டுகள் இரண்டு வகையிலும் வருகின்றன, பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். டிடிஆர்5 ரேம் குச்சியில் வெட்டு வேறு இடத்தில் இருக்கும். அமுக்கினாலும் இறங்காது, அமுக்கவும் வேண்டாம். ஏஎம்5-இல் இந்தப் பேச்சே கிடையாது, டிடிஆர்5 மட்டும்தான்.

சரி, நாளைக்கு ப்ராசஸரை மட்டும் மாற்ற நினைத்தால்? 1700 சாக்கெட் 2021-இல் வந்தது. 12, 13, 14 ஆகிய தலைமுறைகளோடு அதன் பாதை ஏறக்குறைய முடிந்துவிட்டது. 2024-இல் இன்டெல் 1851 என்ற புது சாக்கெட்டுக்குத் தாவிவிட்டது. அப்புறம் பழையதாக ஒரு ஐ7, ஐ9 என்று இன்டெலின் மேல்ரக ப்ராசஸரை வாங்கிப் போடலாமே என்றால், 13, 14-ஆம் தலைமுறையில்தான் மின்னழுத்தம் எகிறி ப்ராசஸர் நாளடைவில் பழுதாகும் கோளாறு இருந்தது. 2024-இல் மைக்ரோகோடு (ப்ராசஸரின் உள் நிரல்) திருத்தம் வந்தது, ஆனால் ஏற்கெனவே கெட்டதை அது சரிசெய்யாது. முன்பு யார் எப்படி ஓட்டினாரோ! 12400-க்கு இந்தத் தொல்லை இல்லை.

ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட்டைப் பாருங்கள். 2017-இல் ரைசனோடு வாங்கிய பல போர்டுகளில் பயாஸை (போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பித்துவிட்டு, 2022-இல் வந்த 5800எக்ஸ்3டி ப்ராசஸரை மாட்ட முடிந்தது. ஏஎம்5-க்கும் 2027 வரையிலும் அதற்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆகவே கையில் டிடிஆர்4 இல்லாதவருக்கு என் ஓட்டு ஏஎம்5-க்கு. இருப்பவர், அதுவும் விளையாடாதவர், 12400-ஐ எடுத்துக்கொண்டு மிச்சத்தை மானிட்டரில் போடலாம்.

ஏஎம்5 எடுத்தால் ஒன்றை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். நான் முதன்முதலில் கோர்த்துப் பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது, போர்டில் ரேமுக்கான சிறு விளக்கு எரிந்தது, திரை கறுப்பு. அணைத்தேன், ரேமைக் கழற்றி மாட்டினேன், மறுபடி கறுப்பு. போர்டு போச்சு என்று திருப்பி அனுப்பப் பெட்டியைத் தேடியெடுத்து வந்தால், அதற்குள் திரையில் படம்! முதல் தடவை அது ரேமைப் பழகிக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அணைத்து அணைத்து அந்தப் பழக்கத்தைக் கெடுத்தது நான்தான்.

ரேம் இரண்டு குச்சியாக வாங்குங்கள். ஒன்று என்றால் வேகம் வீண். டிடிஆர்5-இல் நான்கும் வேண்டாம்: 7600-க்கு இரண்டு குச்சியில் 5200 என்று இருக்கும் அதிகாரபூர்வ வேகம், நான்கு போட்டால் 3600-க்கு இறங்கிவிடும்.

கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். சாட்டா வகை நொடிக்கு 550 எம்பியோடு நிற்கும், என்விஎம்இ வகை பல ஆயிரம் போகும். ஆனால் ஹார்ட் டிஸ்கிலிருந்து வருபவருக்கு இரண்டுமே பறப்பது மாதிரித்தான் இருக்கும்.

கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும், உள்ளே இருக்கும் சரக்கின் தரத்தை அல்ல. மாடுலர் (வயர்களைக் கழற்றி மாட்டும் வகை) வாங்கினால் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் வயரைப் புதியதில் செருகாதீர்கள். முனை பொருந்தும், உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கும். ஹார்ட் டிஸ்க் அந்த நொடியே காலி. பழைய வயர்களை எஸ்எம்பிஎஸ்ஸோடு சேர்த்தே கட்டி வையுங்கள்.