உலுரு மாலா நடை: அம்மாவோடு ஒரு காலை

மெல்பர்னிலிருந்து அம்மாவையும் கூட்டிக்கொண்டு, ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் இருக்கும் பெரிய செம்பாறையான உலுருவுக்குப் போயிருந்தோம். பூங்கா நுழைவுச்சீட்டு இருந்தால் போதும், பாறையின் அடிவாரத்தில் ரேஞ்சரோடு (பூங்கா ஊழியரோடு) போகும் மாலா நடைக்குத் தனிக் கட்டணம் இல்லை. போக வர 2 கிலோமீட்டர், சமதரை. முட்டிவலிக்கார அம்மாவே நடந்துவிட்டார்.

1985-இல் இந்த மண்ணின் பழங்குடிகளான அனாங்கு மக்களிடம் நிலம் திரும்பி வந்ததாம். அதை அவர்கள் அரசுக்கே 99 ஆண்டு குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். "அப்போ கவர்மெண்டுதான் இங்க வாடகைக்கு இருக்கா?" என்றார் அம்மா. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

2019-இல் பாறை ஏறுவதை நிறுத்தியாயிற்று. ஏறுபவர்கள் பிடித்துக்கொள்ளும் சங்கிலியையும் எடுத்துவிட்டார்கள், கால்பட்டுத் தேய்ந்த வெளிறிய தடம் மட்டும் தெரிகிறது. சில இடங்களில் படம் எடுக்கக் கூடாது. என் கணவருக்கு அதில்தான் வருத்தம், எனக்கு இல்லை.

அப்புறம், ஈத்தொல்லை! முகவலை இல்லாமல் போகாதீர்கள்.